அலுமாரி எஞ்சினும் சினிமா எஞ்சினும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கேள்வி இதுதான். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு அலுமாரியின் மேல் பழைய துணியில் சுற்றி வைத்திருந்த தகரப் பொம்மை எஞ்சின் ஒன்று. 1950களின் தொடக்கத்தில் சென்னையில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படத்தில் நான்கு விநாடி ஓடும் பொம்மை எஞ்சின் ஒன்று. இரண்டும் ஒன்றா?

இல்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் "அச்சு அசல் அதேதான்" என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்த இரண்டு எஞ்சின்கள் எந்த இடத்தில் பிரிந்தன என்பதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. படத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அடுத்த வாரமே "சினிமாவில் நடித்த எஞ்சின்" என்று ஆளாளுக்கு விளம்பரம் போடத் தொடங்கிவிடுவார்கள்.

எஞ்சினின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ரீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அப்பாவுக்குப் புறக்கோட்டையில் வியாபாரம். சரக்கு வாங்க அடிக்கடி சென்னைக்குப் போய்வருவார். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம் இல்லை. கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, மறுபடி ரயிலில் எழும்பூர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை போட் மெயில் என்றால் இரண்டு கரையிலும் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் ஸ்டூடியோ ஒன்றில் அப்பாவுக்கு ஒரு சிநேகிதர் இருந்தாராம். படப்பிடிப்புக்கு ஒரு விளையாட்டு ரயில் தேவைப்பட, மகனுடைய ரயில் செட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, பிறகு திருப்பிக் கொண்டுவந்தாராம்.

"தம்பி, எங்கட அப்பா தன்ர கையால கொண்டுபோய்க் குடுத்த கோச்சி இது. படத்தில வருது. நீரே பாரும்" என்றார் ரீச்சர். பேரன் போனை நீட்டினான். இணையத்தில் யாரோ ஏற்றிய படம்.

கதையில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் அறுபது எழுபது வருடமாகச் சொல்லிவரும் கதைக்கு ஒரு குணம் உண்டு. நிகழ்ச்சி மறக்காது, பொருள் மட்டும் மாறிவிடும். கொண்டுபோனது உண்மையாக இருக்கலாம். கொண்டுபோனது இதையா என்பது தனிக் கேள்வி.

முதலில் படத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது

எஞ்சினைப் பார்க்கும் முன் படத்தைப் பார்க்க வேண்டும். இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் நேரே எஞ்சின் நம்பரைப் பெரிதாக்கத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள்.

பேரனுடைய போனில் இருந்த காட்சியில் அம்மாவாக வருபவரின் சேலைத் தலைப்பு வலது தோளில் கிடந்தது. அப்பாவாக வருபவரின் சட்டைப் பையும் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து தவறான பக்கத்தில் இருக்க நியாயம் இல்லை. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பதிப்புரிமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளின் கண்ணில் படாமல் இருக்கப் பலர் இப்படிச் செய்வதுண்டு. எஞ்சினை அடையாளம் காண்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சாவித் துளை எந்தப் பக்கம், பக்கவாட்டில் எழுத்துகள் எந்த வரிசையில் வருகின்றன என்பதெல்லாம் தலைகீழாகிவிடும்.

அடுத்தது சக்கரம். நிஜத்தில் வட்டமான சக்கரம் திரையில் கோழிமுட்டை வடிவில் தெரிந்தால் படத்தை இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய படங்கள் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் எடுத்தவை. இப்போதைய அகலத் திரையை நிரப்ப இழுத்தால் எல்லாமே பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். குட்டை எஞ்சின் நீளமாகிவிடும். நீளத்தை வைத்து வகை சொல்பவர் அங்கேயே வழிதவறுவார். அகலத்தை முக்கால்வாசியாகக் குறைத்ததும் சக்கரம் வட்டமானது. அப்புறம் ஒரு நண்பரிடமிருந்து அதே படத்தின் வி.சி.டி., அதாவது பழைய வீடியோ குறுந்தகடு, கிடைத்தது. வி.சி.டி. என்றால் 352க்கு 288 புள்ளிகள்தான், மங்கல்தான். ஆனால் இதில் சேலைத் தலைப்பு இடது தோளுக்கு வந்திருந்தது, சக்கரமும் வட்டமாகவே இருந்தது. இனி இதுதான் ஆதாரப் பிரதி.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரீச்சருடைய எஞ்சின் கறுப்பு, திரையிலும் அது கருமையாகத்தான் தெரிகிறது. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆழ்ந்த சிவப்பு, கரும்பச்சை, கறுப்பு மூன்றும் கறுப்பு வெள்ளைப் படத்தில், அதுவும் பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்த படத்தில், ஒரே சாம்பலாகப் போய்விடும்.

வர்ணம் பூசி மாற்ற முடியாதவை

ஒரு ரயில் திரையில் வந்தால் அது கதைக்குள்ளேயே விளையாட்டுப் பொருளா, அல்லது நிஜ ரயிலுக்குப் பதிலாக வைத்த மாதிரியா என்று முதலில் பிரிக்க வேண்டும். இதில் எதிர்த்திசையில் ஏமாறுபவர்களும் உண்டு. கித்துல்கலையில் எடுத்த 'பிரிட்ஜ் ஒன் தி ரிவர் குவாய்' படத்தின் கடைசியில் ஆற்றில் விழும் ரயிலைப் பொம்மை என்று அடித்துச் சொன்ன ஒருவரோடு ஒரு மாலை முழுக்க வாதாடியிருக்கிறேன். அது இலங்கை அரசாங்க ரயில்வேயிடம் வாங்கிய நிஜ எஞ்சின். நம்முடைய காட்சியில் அந்தச் சந்தேகம் இல்லை. ஒரு பையன் தரையில் உட்கார்ந்து சாவி கொடுத்து விடுகிறான். பின்னணியில் நிஜ நீராவி எஞ்சினின் நீளமான கூவல் வேறு. சாவி எஞ்சினுக்குக் கூவத் தெரியாது, ஒலிப்பதிவாளரின் தாராளம்.

முதல் தடயம் தண்டவாளம். இரண்டே கம்பிகள், கீழே தகரத்தில் வளைத்த குறுக்குக் கட்டைகள், அவையும் தள்ளித் தள்ளி. நடுவில் மூன்றாவது கம்பி இல்லை. இந்த ஒன்றிலேயே பெரிய பெரிய பெயர்கள் விழுந்துவிடுகின்றன. அமெரிக்காவின் லயனல் மின்சார ரயில்களுக்கு நடுக்கம்பி வேண்டும். பிரிட்டனின் ஹோர்ன்பி வரிசையில் வந்த டப்ளோ என்ற சின்ன மின்சார ரயில் 1938இல் வந்ததிலிருந்து 1959 வரை மூன்று கம்பியில் ஓடியது, அதுவும் சரளைக்கல் போல அச்சிட்ட தகர மேடையின் மேல். ஜெர்மனியின் மெர்க்ளின் மின்சார ரயிலிலும் நடுவிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். போருக்குப் பிறகு இரண்டு கம்பியில் ஓடிய அமெரிக்கன் ஃப்ளையர் மின்சார ரயில். அதற்குச் சாவி இல்லை.

அடுத்தது சக்கர விளிம்பு. வளைவில் எஞ்சின் சாயும்போது சக்கரத்தின் உள்பக்க விளிம்பு கம்பியைத் தொடுவது தெரிகிறது. போருக்குப் பிறகு ஜப்பானிலிருந்து குவிந்த தகர எஞ்சின்களில் பெரும்பாலானவை தரையில் ஓடுபவை. அவற்றின் சக்கரத்துக்கு விளிம்பு கிடையாது. அவையும் போயின.

நான்கு சக்கரம், முன்னால் உருளை, அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு. பின்னால் தனி நிலக்கரி வண்டி இல்லை. தண்ணீர்த் தொட்டி பக்கவாட்டிலேயே இருக்கும் டாங்க் எஞ்சின். நீளம், கம்பிகளுக்கு இடையிலான தூரத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. நிஜ எஞ்சின்களில் பெரும்பாலானவை இவ்வளவு கட்டைகுட்டையாக இருக்காது. அளவு பிசகாமல் செய்யும் மாதிரிகளும் பெரும்பாலும் இப்படி இருக்காது. குழந்தைகளுக்காகச் செய்த ஓ அளவு, அதாவது 32 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் தகர எஞ்சினின் உடல்வாகு இது.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த தடயம். பையன் எஞ்சினை நிறுத்துகிறான். ஓட்டுநர் அறையின் பின்பக்கத்தில் விரலை வைத்து எதையோ இழுக்கிறான். எஞ்சின் பின்னோக்கிப் போகிறது. சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பார்த்தால் அறைக்குள்ளிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஒன்று பிரேக், மற்றது திசைமாற்றி. விலை குறைந்த சாவி எஞ்சின்களுக்கு முன்னோக்கி ஓடத்தான் தெரியும். திசைமாற்றி, டாங்க் உடல், நான்கு சக்கரம், ஓ அளவு எல்லாம் சேர்ந்து, அந்தக் காலத்தில் நம் ஊர்களுக்கு வந்த பொம்மைகளில் தேடினால், வழி லிவர்பூலில் இருந்த மெக்கானோ லிமிடெட்டின் ஹோர்ன்பி ரயிலுக்குப் போகிறது.

ஹோர்ன்பி நேரே ரீச்சர் வீட்டு அலுமாரிக்கும் போகிறது. அவருடையதும் ஹோர்ன்பி டாங்க் எஞ்சின்தான். அதே கோணத்தில், அதே உயரத்திலிருந்து படம் பிடித்து, திரைச் சட்டகத்தின் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பார்த்தேன். புகைபோக்கி, குவிமாடம், அறையின் ஜன்னல், உருளையின் சரிவு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. பேரன் கை தட்டினான்.

ஒரே உடல், வேறு அச்சு

கைதட்டல் அவசரம். ஹோர்ன்பி இந்த உடலை ஒரு முறை மட்டும் செய்து விடவில்லை. 1930களில் எம்3 என்ற பெயரில் வந்தது. போரின்போது பிரிட்டனில் உலோகப் பொம்மைத் தயாரிப்பு நின்றுபோய், போருக்குப் பிறகு 101 என்ற எண்ணில் திரும்ப வந்தது. 1954இல் 40 என்ற எண்ணுக்கு மாறியது. ஒரே அளவுக்கு வெட்டி வேறு வேறு துணியில் தைத்த சட்டை மாதிரி, உடல் ஏறத்தாழ அதேதான். தகரத்தின் மேல் அச்சிட்ட வர்ணமும் எழுத்தும்தான் மாறின. ஆகவே உருவம் பொருந்துவது எதையும் நிரூபிக்காது. பொருந்தாமல் இருந்திருந்தால்தான் செய்தி.

அச்சு ஏன் மாறியது என்பதில் காலக்கணக்கு இருக்கிறது. 1923 முதல் பிரிட்டிஷ் ரயில்கள் நான்கு பெரிய கம்பெனிகளின் கையில் இருந்தன. பொம்மைகளும் அவற்றின் எழுத்துகளைச் சுமந்தன: எல்.எம்.எஸ்., எல்.என்.ஈ.ஆர்., கிரேட் வெஸ்டர்ன், சதர்ன். 1948 ஜனவரி 1ஆம் தேதி நான்கும் அரசுடைமையாகி பிரிட்டிஷ் ரயில்வேஸ் ஆயின. இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்: "எல்.எம்.எஸ். எழுத்து இருக்கிறது, அப்படியென்றால் 1948க்கு முந்தையது." நிஜ எஞ்சினுக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு ஓரளவு சரி. பொம்மைக்கு இல்லை. ஹோர்ன்பி தகர எஞ்சின்கள் பழைய கம்பெனி எழுத்துகளோடேயே 1954 வரை விற்பனையாகின.

ரீச்சருடைய எஞ்சினில் என்ன இருக்கிறது? கறுப்பு உடல், 82011 என்ற ஐந்து இலக்க எண், தண்ணீர்த் தொட்டியின் நடுவில் ஒரு சிங்கம். அந்தச் சிங்கத்தைப் பார்த்துத்தான் வீட்டில் இன்னொரு கதையும் வளர்ந்திருந்தது: சுதந்திரம் கிடைத்ததும் இலங்கைக்கென்றே சிங்கம் போட்டுச் செய்து அனுப்பிய எஞ்சின் இது என்று. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தேன். நம்முடைய கொடிச் சிங்கத்தின் கையில் வாள் இருக்கும். இந்தச் சிங்கம் ஒரு சக்கரத்தின் மேல் நிற்கிறது, வாள் இல்லை. பிரிட்டிஷ் ரயில்வேஸின் சின்னம் இது. "அட, இவ்வளவு காலமும் நாங்கள் சும்மா பெருமைப்பட்டனாங்கள்" என்று ரீச்சர் சிரித்தார்.

சிங்கமும் 82011உம் சேர்ந்தால் அது 40ஆம் எண் எஞ்சின். 1954க்கு முன் இல்லை. எஞ்சின் வந்த பெட்டியின் அடியில் நாலாக மடித்த குறிப்புத்தாள் ஒன்றும் கிடைத்தது, எண்ணெய் எங்கே விட வேண்டும் என்று படம் போட்டது. அதன் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகக் குறி. மெக்கானோ கம்பெனியின் தாள்களில் அந்தக் குறியின் நடுப்பகுதி மாதத்தையும் ஆண்டையும் சொல்லும். இதில் 755 என்று இருந்தது: 1955, ஏழாம் மாதம். படம் அதற்கு முன்பே திரைக்கு வந்துவிட்டது.

இதுவே போதும். ஆனால் தாள் வேறு பெட்டியிலிருந்து வந்திருக்கலாம், எஞ்சினின் அச்சை யாராவது பிறகு மாற்றியிருக்கலாம் என்றெல்லாம் கேட்பவர்கள் கேட்பார்கள். ஆகவே திரையில் இருப்பதன் அச்சைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

நான்கு விநாடியில் நூறுக்குச் சற்றுக் குறைவான சட்டகங்கள். எஞ்சின் பக்கவாட்டில் முழுசாகத் தெரிபவை அதில் கொஞ்சம்தான். அவற்றை எடுத்து, எஞ்சின் ஒரே இடத்தில் வரும்படி நகர்த்தி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் ஃபிலிமின் பொரி குறைந்து அச்சின் நிழல் மேலே வரும். எண்ணை வாசிக்க முடியவில்லை. வாசிக்கலாம் என்று எதிர்பார்க்கவும் இல்லை. இந்தத் தெளிவில் எண் "தெரிகிறது" என்று சொல்பவர் பெரும்பாலும் தான் தேடியதைத்தான் பார்க்கிறார்.

அதனால் எதிர்ப்பக்கமாகப் போனேன். மங்கலைத் தெளிவாக்குவதற்குப் பதில் தெளிவானதை மங்கலாக்கினேன். ரீச்சருடைய எஞ்சினின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வி.சி.டி.யில் எஞ்சின் எத்தனை புள்ளி அகலமோ அத்தனைக்குச் சுருக்கி, மறுபடி பெரிதாக்கினேன். சிங்கம் தொட்டியின் நடுவில் ஒற்றைத் திட்டாகக் கரைந்தது. திரையில் இருக்கும் எஞ்சினில் அப்படி இல்லை. தொட்டி முழுக்கப் பரவி, இடைவெளி விட்டு, மூன்று வெளிச்சத் திட்டுகள். நான்கு இல்லை. முதல் திட்டின் வலது மேல் மூலை இருட்டு. இடப்பக்கமும் அடியும்தான் வெளிச்சம். எல் என்ற ஆங்கில எழுத்துக்கு அதுதான் உருவம். ஒரு சேகரிப்பாளரிடம் இருக்கும் எல்.எம்.எஸ். எழுத்துப் போட்ட 101 எஞ்சினின் படத்தையும் இதே மாதிரி மங்கலாக்கிப் பக்கத்தில் வைத்தபோது மூன்று திட்டுகளும் அதே இடத்தில் விழுந்தன.

ஆக, திரையில் ஓடுவது எல்.எம்.எஸ். எழுத்துப் போட்ட ஹோர்ன்பி டாங்க் எஞ்சின்; போருக்கு முந்தைய எம்3 அல்லது பிந்தைய 101. இரண்டில் எது என்று இந்தப் பிரதியை வைத்துப் பிரிக்க மாட்டேன். அலுமாரியில் இருப்பது 40ஆம் எண். ஒரே உடல், வேறு பிறப்பு.

மற்றப் பெட்டி

"அப்ப அப்பா பொய் சொன்னவரோ?" ரீச்சர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டார்.

நான் தண்டவாளங்களைக் கேட்டேன். அவை எஞ்சினோடு இல்லை. பிஸ்கட் டின் ஒன்றில் தனியாக இருந்தன, கூடவே ஒரு திறந்த சரக்கு வண்டியும் ஒரு சாவியும். எஞ்சினின் சாவித் துளையில் அந்தச் சாவி ஆடாமல் உட்கார்ந்தது. சரக்கு வண்டியின் பக்கத்தில் எல்.எம்.எஸ். என்ற எழுத்து. 1955 வாக்கில் பிரிட்டிஷ் ரயில்வேஸ் எஞ்சினோடு புதிதாக வாங்கிய செட் என்றால் இந்த வண்டி அதற்குள் வருவது கொஞ்சம் முரண். இதற்கு முன்னால் வீட்டில் இன்னொரு செட் இருந்திருக்க வேண்டும்.

ரீச்சருடைய அண்ணன் கனடாவில். பேரன் அழைப்பு எடுத்தான். முதல் எஞ்சினின் ஸ்பிரிங் அறுந்தது அவருக்கு நினைவிருந்தது. அறுந்த சத்தம் கேட்டு அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தாராம். புதுசு எப்போது வந்தது, முதலாவது எங்கே போனது, எந்த நிறம் என்பதெல்லாம் தெரியவில்லை. நிறத்தை நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. "சிவப்பா?" என்று கேட்டால் சிவப்பு என்றுதான் பதில் வரும்.

ஸ்பிரிங் அறுந்து எஞ்சின் மாறியது நடக்கக்கூடியதுதான். 1955இல் கொழும்பில் ஒரு புது எஞ்சின் வாங்குவது காசு இருந்தவருக்குக் கஷ்டம் இல்லை. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகி, 1970க்குப் பிறகு பொம்மை ரயில் என்ற பேச்சே அற்றுப்போனது. 1977இல் கதவு திறந்தபோது உள்ளே வந்தது பிளாஸ்டிக். அதனால்தான் கொழும்பு வீடுகளில் பழைய தகர எஞ்சின் வெளிவந்தால் பெரும்பாலும் அது 1950களைச் சேர்ந்ததாக இருக்கிறது. குடும்பத்தின் கடைசி எஞ்சின்தான் மிஞ்சுகிறது, முதல் எஞ்சின் இல்லை.

ரீச்சருக்கு எழுதிக் கொடுத்த விவரம் சுருக்கமானது. ஹோர்ன்பி 40ஆம் எண் டாங்க் எஞ்சின், சாவியில் ஓடுவது, பிரிட்டிஷ் ரயில்வேஸ் கறுப்பு, 1954 அல்லது அதற்குப் பின். ஸ்பிரிங் நல்ல நிலை, கூரையில் துரு. அபூர்வப் பொருள் இல்லை. சினிமாவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. விற்பதாக இருந்தால் எழுதவும் கூடாது என்று சொன்னேன். விற்கும் எண்ணம் பேரனுக்குத்தான் இருந்தது, அதுவும் இப்போது இல்லை.

ஒரே ஒரு வேலை பாக்கி. ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்த பொருளில் "இந்த ஒன்றுதான் அது" என்று சொல்ல வகையும் அச்சும் உதவாது, காயம்தான் உதவும். படத்தில் எஞ்சின் சட்டகத்தை விட்டு வெளியேறிய பிறகு ஒரு திறந்த சரக்கு வண்டி காமிராவுக்கு மிக அருகில் கடந்து போகிறது. பிஸ்கட் டின்னில் இருந்த வண்டியின் இடது முன்மூலையில், மேல் விளிம்பில், உள்நோக்கி ஒரு நசுங்கல் இருக்கிறது. தனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது அப்படித்தான் என்கிறார் ரீச்சர். படப்பிடிப்புக்குப் பிறகு விழுந்த நசுங்கலாகவும் இருக்கலாம். அப்படியானால் திரையில் அது இல்லாதது எதையும் சொல்லாது, இருந்தால் மட்டும் நிறையச் சொல்லும். வி.சி.டி.யில் அந்த மூலை வெறும் சாம்பல். ஃபிலிம் சுருளிலிருந்து நேரே எடுத்த பிரதி யாரிடமாவது கிடைத்தால் எஞ்சினை விட்டுவிட்டு அந்த மூலையைத்தான் பார்ப்பேன்.